டோக்கியோவுக்குப் போகாத யிப்பி

2021 ஓகஸ்ட் 6ஆம் திகதி டோக்கியோவில் நெதர்லாந்துப் பெண்கள் ஹொக்கியில் ஆர்ஜென்டினாவை 3–1 என்று வென்று ஒலிம்பிக் தங்கம் எடுத்தார்கள். மூன்று கோலும் பெனல்டி கோர்னர் என்கிற தண்டனை வாய்ப்பில் வந்தவை; அது என்ன என்று பின்னால் சொல்கிறேன். ஒன்றை மார்கொட் வான் கெஃபன் போட்டார், மற்ற இரண்டையும் காயா வான் மாசாக்கர். அந்த அணியில் யிப்பி யான்சன் என்ற பெயர் இல்லை. அவருக்கு அப்போது வயது 21.

மூன்று வருடம் கழித்து பாரிஸ். மறுபடியும் நெதர்லாந்துக்குத்தான் தங்கம். அந்த ஒலிம்பிக்கின் பெண்கள் ஹொக்கியில் வேறு எவரையும்விட அதிகமாக, 9 கோல் போட்டவர் யிப்பி யான்சன். அந்த நவம்பரில் சர்வதேச ஹொக்கி சம்மேளனம் உலகின் சிறந்த வீராங்கனையாகத் தெரிவு செய்ததும் அவரைத்தான்.

இந்த இரண்டுக்கும் நடுவில் கிடக்கிற மூன்று வருடங்கள் என்னை விடமாட்டேன் என்கின்றன. வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் எனக்குத் தெரிந்து ஹொக்கி விளையாடிய பெண் பிள்ளைகள் எல்லோரும் ஏ.எல். என்கிற உயர்தரப் பரீட்சையோடு மட்டையை அலுமாரிக்கு மேலே போட்டவர்கள். நானும் அப்படித்தான். 21 வயதில், "இன்னும் என் முறை வரவில்லை, வரட்டும்" என்று மட்டையோடு நின்ற ஒருத்தியை எனக்கு நேரில் தெரியாது. அதனால்தான் எங்கேயோ இருக்கிற இந்தப் பெண்ணின் கதையை எனக்குக் கிடைத்த இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். தொண்ணூறுகளில் கொழும்பில் ஒரு பெண்கள் பாடசாலையில் கோல் காப்பாளராக நின்றவள் நான். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு பேட் செற். காலில் கட்டும் வார் எப்போதோ அறுந்து, அந்த இடத்தில் யாரோ சப்பாத்து லேஸ் போட்டுக் கட்டியிருந்தார்கள். ஹெல்மெட்டுக்குள் தலையை விட்டால் எனக்கு முன்னால் நின்ற அக்காமார் எல்லோருடைய வியர்வையும் சேர்ந்து மணக்கும். அந்தக் கம்பிக்குப் பின்னால் நின்று பார்த்த ஹொக்கிதான் எனக்குத் தெரிந்த ஹொக்கி. ஆகவே இந்தப் பதிவில் வருவதெல்லாம் கோலுக்குள் நின்று பார்த்த மாதிரியே இருக்கும்.

யிப்பியின் அப்பா ரொனால்ட் யான்சனும் கோல் காப்பாளர். சும்மா காப்பாளர் இல்லை; 1996 அட்லாண்டா, 2000 சிட்னி இரண்டிலும் தங்கம் வென்ற நெதர்லாந்து அணியில் இருந்தவர். யிப்பி பிறந்தது 1999 நவம்பர் 18. அப்பா சிட்னியில் இரண்டாவது பதக்கத்தை வாங்கும்போது மகளுக்கு ஒரு வயது கூட ஆகியிருக்கவில்லை. கோலைக் காத்தவரின் பிள்ளை, உலகத்தில் இருக்கிற கோல் காப்பாளர்கள் எல்லோரும் பயப்படுகிற ஆளாக வளர்ந்திருக்கிறாள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

"தகப்பன் ஒலிம்பிக் தங்கம் எண்டால் பிள்ளைக்கு வழி திறந்துதானே கிடக்கும்" என்றார் இவர், என் கணவர். கிரிக்கெட் மட்டும் பார்ப்பவர். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பதக்கம் இருக்கிற வீட்டில் பிறந்தால் மட்டை கிடைக்கும், மைதானம் கிடைக்கும், சொல்லித்தர ஆள் கிடைக்கும். தேசிய அணியில் இடம் கிடைக்காது. அதுவும் நெதர்லாந்தில் கிடைக்கவே கிடைக்காது. பெண்கள் ஹொக்கியில் 2022 வரைக்கும் 9 உலகக் கிண்ணம் எடுத்த நாடு அது. ஒலிம்பிக் தங்கம் பாரிஸோடு சேர்த்து ஐந்து. அங்கே நல்லாய் விளையாடுகிறவர்கள் வரிசையில் நிற்பார்கள். அதிலும் கோர்னர் எடுக்கிற இடம் என்பது ஓர் அணியில் ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு. மார்ட்யே பௌமன் என்றொருவர் இருந்தார். 2008இலும் 2012இலும் தங்கம், 2011இலும் 2012இலும் உலகின் சிறந்த வீராங்கனை, கோர்னர் என்றால் அவர்தான். அவருக்குப் பிறகு வான் மாசாக்கர். பக்கத்தில் ஃப்ரெடெரிக் மாட்லாவும் கோர்னர் எடுப்பார். இவர்கள் இருக்கும்போது இளைய ஃப்ளிக்கர் ஒருத்தி, அதாவது கோர்னரில் பந்தைக் கோலுக்கு இழுத்து எறிகிறவள், என்ன செய்வாள்? தன் கழகத்துக்குப் போய், வாராவாரம் விளையாடி, தன் ஃப்ளிக்கைச் சரிபண்ணிக்கொண்டு இருப்பாள். யிப்பி செய்தது அதுதான்.

இங்கே கொஞ்சம் நின்று, ஹொக்கி தெரியாதவர்களுக்காகக் கோர்னர் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோலுக்கு முன்னால் ஓர் அரைவட்டம் மாதிரிக் கோடு இருக்கும். அதற்குள் தடுப்பவர்கள் தப்புச் செய்தால் எதிரணிக்குப் பெனல்டி கோர்னர். தடுக்கிற பக்கத்தில் காப்பாளரோடு சேர்த்து ஐந்து பேர்தான் கோல் கோட்டுக்குப் பின்னால் நிற்கலாம், மிச்சப் பேர் நடுக்கோட்டுக்கு ஓட வேண்டும். எதிரணியில் ஒருத்தி கோல் கோட்டில், கம்பத்தில் இருந்து 10 மீற்றராவது தள்ளிப் பந்தை வைத்து வெளியே தள்ளுவாள். இன்னொருத்தி வட்டத்துக்கு வெளியே அதை நிறுத்துவாள். அந்தக் கணமே ஃப்ளிக்கர் வந்து எடுப்பாள். எல்லாம் முடிய இரண்டு மூன்று செக்கன் போதும்.

இதில் ஒரு விதி இருக்கிறது, அதுதான் முழுக் கதையும். கோர்னரில் முதல் அடி, மட்டையைப் பின்னால் ஓங்கி அடிக்கிற அடியாக இருந்தால், பந்து கோல் கோட்டைத் தாண்டும்போது 460 மில்லிமீற்றருக்கு மேல் இருக்கக் கூடாது. அதாவது கோலுக்குள் கீழே இருக்கிற பலகையின் உயரம். ஆனால் ஓங்கி அடிக்காமல் இழுத்து எறிந்தால், அதாவது ஃப்ளிக் பண்ணினால், எந்த உயரத்திலும் போகலாம். கோலின் உயரம் 2.14 மீற்றர், அகலம் 3.66 மீற்றர். அடி வரும் என்று தெரிந்தால் காப்பாளர் நிலத்தோடு படுத்துப் பலகையை மறைத்துவிடலாம். நாங்கள் அந்தக் காலத்தில் அதைத்தான் செய்தோம், ஏனென்றால் எங்களோடு விளையாடிய பெண்கள் யாரும் ஃப்ளிக் பண்ணவில்லை. ஃப்ளிக் பண்ணத் தெரிந்த ஒருத்தி முன்னால் நின்றால் படுக்கவும் முடியாது, நிற்கவும் முடியாது. அவளுடைய உடம்பைப் படித்துக்கொண்டு கடைசி நொடிவரை காத்திருக்க வேண்டும்.

இனி அந்த இழுத்து எறிகிற வித்தை, அதாவது ட்ராக் ஃப்ளிக். யிப்பியின் வீடியோவை வேகம் குறைத்து என் சின்னவள் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டியதில்தான் எனக்கே இது ஒழுங்காகப் புரிந்தது.

அவர் பந்துக்கு நேராக ஓடி வருவதில்லை. இடது தோள் கோலைப் பார்க்க, பக்கவாட்டாக வருவார். வலது கால் இடது காலுக்குப் பின்னால் குறுக்கே போய் ஊன்றும். அப்போதே உடம்பு நன்றாகக் குனிந்துவிடும். பந்து அவருக்கு முன்னால் இருக்காது. வலது காலின் பக்கமாக, இன்னும் பின்னால் இருக்கும். மட்டையின் தண்டு பந்தின் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். அடுத்து இடது கால் எட்ட முடிந்த தூரத்துக்கு ஓர் எட்டு. அந்தக் கால் நிலத்தில் பதிகிற நேரம் பந்து இன்னமும் பின்னால்தான் கிடக்கும். அதை இழுத்துக்கொண்டு வருவார். முதலில் இடுப்பு திரும்பும், பிறகு தோள், கடைசியில்தான் மணிக்கட்டு. பந்து தண்டு வழியே வழுக்கிக்கொண்டு வளைவுக்கு வந்து அங்கிருந்து பறக்கும். பந்து மட்டையோடு ஒட்டியிருக்கிற தூரம் எவ்வளவு நீளமோ அவ்வளவு வேகம். கவண் எறிகிறவன் கல்லைச் சுழற்றி விடுகிற மாதிரி, வேகம் எல்லாம் அந்தக் கடைசி இழுப்பில் வந்து சேரும்.

"அம்மா, பந்து எங்க இருந்து வெளிக்கிடுது எண்டு பாருங்கோ" என்றாள் சின்னவள். "நாங்கள் முன்னுக்கு வச்சுத் தள்ளுறம். அவ பின்னுக்கு வச்சு இழுக்கிறா."

அவ்வளவுதான் விசயம். பிள்ளை ஒரு வரியில் சொல்லிவிட்டாள்.

கோல் காப்பாளராக எனக்குப் படுகிறது இன்னொன்று. பந்து எந்தப் பக்கம் வரும் என்பதைக் காப்பாளர் பந்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பதில்லை, அதற்கு நேரமே கிடையாது. இடது கால் விழுகிற கோணத்தைப் பார்ப்போம், இடுப்பு எப்போது திறக்கிறது என்று பார்ப்போம், தோள் முந்துகிறதா என்று பார்ப்போம். நல்ல ஃப்ளிக்கர் இதில் எதையும் காட்டிக்கொடுக்க மாட்டாள். இடது மூலைக்கும் வலது மூலைக்கும் ஒரே கால், ஒரே குனிவு. வித்தியாசம் முழுக்கக் கடைசி மணிக்கட்டில். யிப்பியின் ஃப்ளிக்குகளை வரிசையாகப் போட்டுப் பார்த்தபோது, கம்பிக்குப் பின்னால் நின்ற பழைய பழக்கத்தில் நான் ஊகித்துக்கொண்டே இருந்தேன். பாதிக்குப் பாதி பிழையாய்ப் போனது. கோல் காப்பாளர் இருக்கிற வீட்டில் ஃப்ளிக்கர் வளர்ந்தால் என்ன கிடைக்கும் என்று இவர் கேட்டதற்கு என் பதில் இதுதான்: காப்பாளர் எதைப் பார்க்கிறாள் என்று சொல்லிக்கொடுக்கலாம்.

எங்கள் பிளாட்டின் கீழே வாகனம் நிறுத்துகிற இடத்தில் பின்னேரங்களில் நானும் சின்னவளும் அதைத்தான் செய்கிறோம். ஹொக்கிப் பந்து 160 கிராம் அளவில் இரும்பு மாதிரி இருக்கும், கார்க் கண்ணாடிக்கு ஆகாது. அதனால் பழைய ரென்னிஸ் பந்து. சுவரில் சோக்கால் கோல் கீறியிருக்கிறோம். நான் நடுவில் கதிரை போட்டு உட்கார்ந்துகொள்வேன். அவள் இழுத்து விடுவதற்கு முன்னால், "வலது" என்றோ "இடது" என்றோ சத்தமாகச் சொல்வேன். நான் சொன்னது சரியென்றால் அவள் எங்கே காட்டிக்கொடுத்தாள் என்று இருவரும் யோசிப்போம். பெரும்பாலும் தோள்தான். இடது மூலைக்குப் போடுவதென்றால் அவளுடைய வலது தோள் ஒரு கணம் முந்திவிடும். மேல் வீட்டு அன்ரி பல்கனியில் நின்று, "பிள்ளை, வெயிலுக்க நிண்டு கருத்துப் போறாய்" என்பார். அப்புறம் அவரே கீழே இறங்கி வந்து பந்து எடுத்துப் போடத் தொடங்கிவிட்டார்.

இதற்கு முன்னால் நடந்ததையும் சொல்ல வேண்டும். சின்னவள் முதலில் ட்ராக் ஃப்ளிக் கேட்டபோது அப்போதிருந்த பயிற்றுவிப்பாளர் ஒருவர், "பொம்பிளைப் பிள்ளைகளுக்கு அது சரிவராது, நாரி போயிடும், அடி, இல்லாட்டித் தள்ளு" என்று சொல்லிவிட்டார். அவள் அழவில்லை, ஆனால் அந்தக் கிழமை முழுக்க மட்டையைத் தொடவில்லை. எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் அது ஆபத்தான பேச்சு. ட்ராக் ஃப்ளிக் நாரிக்கும் இடுப்புக்கும் பாரம் கொடுக்கிற வேலைதான். குனிந்த உடம்பை வேகமாகத் திருப்புகிறோம், அதுவும் ஒரே பக்கம், திரும்பத் திரும்ப. வளர்கிற வயதில் அதை அளவில்லாமல் செய்தால் நோவு வரும். ஆண் பிள்ளைக்கும் வரும், பெண் பிள்ளைக்கும் வரும். அதற்கு வழி, ஒரு நாளில் எத்தனை எடுக்கலாம் என்று அளவு வைப்பது, தொடையையும் வயிற்றையும் முதுகையும் பலப்படுத்துவது, களைத்த பிறகு எடுக்க விடாமல் இருப்பது. பெண் என்பதால் சொல்லிக்கொடுக்காமல் விடுவது வழி இல்லை. பௌமன், வான் மாசாக்கர், யிப்பி மூவரும் பெண்கள்தான். ஒல்லாந்துப் பெண்கள் உயரம், அவர்களோடு நம்மை ஒப்பிட முடியாது என்று சொல்கிறவர்களுக்கு இன்னொரு பெயர் இருக்கிறது. அமிர்தசரஸ் பக்கத்துக் கிராமத்துப் பெண் குர்ஜித் கௌர். டோக்கியோவில் அவுஸ்திரேலியாவை இந்தியப் பெண்கள் 1–0 என்று வீட்டுக்கு அனுப்பிய காலிறுதியில் அந்த ஒரு கோல் அவருடையது, அதுவும் கோர்னரில். நம்முடைய பக்கத்துப் பெண், நம்முடைய உடம்புவாகு, நம்முடைய வெயில்.

சரி, யிப்பிக்கு வருகிறேன்.

ஐந்தோவன் நகரத்து ஒரான்யே-ரோட் கழகத்தில் விளையாடி, பிறகு உட்ரெக்ட் பக்கத்தில் பில்ட்ஹோவனில் இருக்கிற எஸ்.சி.எச்.சி. கழகத்துக்குப் போனவர் அவர். அந்தக் கழகத்தின் முழுப்பெயரில் ஹொக்கிக்கு முன்னால் கிரிக்கெட் இருக்கிறது என்று சொன்னதும் இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். 2023இல் உலகின் சிறந்த வீராங்கனையாக வந்த ஸான் டெ வார்டும் அங்கேதான். நெதர்லாந்தின் முதல்தரக் கழகப் போட்டிக்கு ஹோஃப்ட்கிளாசே என்று பெயர். அதில் பெண்கள் பக்கம் டென் பொஷ் என்ற கழகத்தின் ஆட்சி; 1998இல் இருந்து பெரும்பாலான வருடங்களில் பட்டம் அவர்களுக்குத்தான். அவர்களுக்கு எதிராக ஒவ்வொரு பருவமும் கோர்னர் எடுத்துப் பழகுகிறவளுக்கு ஒலிம்பிக் எதிராளிகள் புதிதாக இருக்க மாட்டார்கள்.

அந்த நாட்டில் ஹொக்கி பாடசாலைக்குச் சொந்தம் இல்லை. நான் சொல்ல வந்ததின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஆறு வயதுப் பிள்ளை கழகத்தில் சேருகிறது. சனிக்கிழமை சின்னவர்களின் போட்டி, ஞாயிற்றுக்கிழமை பெரியவர்களின் போட்டி, ஒரே மைதானம். பத்து வயதுப் பிள்ளை தன் போட்டி முடிந்து அடுத்த நாள் அதே புல்லில் தேசிய வீராங்கனை விளையாடுவதை வேலியில் சாய்ந்து பார்க்கலாம். 18 வயதில் பாடசாலை முடிகிறது, கழகம் முடிவதில்லை. பல்கலைக்கழகம் போனாலும் வேலைக்குப் போனாலும் செவ்வாய்க்கிழமை பயிற்சி செவ்வாய்க்கிழமைதான். யிப்பி டோக்கியோ அணியில் இல்லாத அந்த வருடத்திலும் அவருக்கு விளையாட ஒரு சட்டை இருந்தது, எடுக்க ஒரு கோர்னர் இருந்தது. வான் மாசாக்கர் டோக்கியோவோடு தேசிய அணியை விட்டுப் போனபோது, அந்த இடத்துக்கு வரத் தயாராக ஒருத்தி இருந்தாள் என்றால் அதற்குக் காரணம் இதுதான்.

எங்களுக்கு என்ன இருக்கிறது? மாத்தளையில் ஹொக்கி ஊரோடு சேர்ந்த விசயம். அங்கே தாத்தா, மகன், பேத்தி என்று மூன்று தலைமுறை விளையாடிய வீடுகள் உண்டு. கொழும்பில் ரீட் அவனியூவில் செயற்கைப் புல் மைதானம் இருக்கிறது. அங்கே பாடசாலைப் போட்டி நடக்கிற நாளில் போய்ப் பாருங்கள்: வேலியோரம் தண்ணீர்ப் போத்தலோடு அம்மாமார், ரோல்ஸும் பற்றிஸும் கட்டிக்கொண்டு வந்த அம்மம்மாமார், தமிழும் சிங்களமும் கலந்து கத்துகிற பிள்ளைகள். பதினைந்து, பதினாறு வயதில் என்ன அழகாக விளையாடுகிறார்கள் தெரியுமா? அந்த வயதில் அவர்களுக்கும் ஒல்லாந்துப் பிள்ளைக்கும் இடையில் இருக்கிற தூரம் எட்டிப் பிடிக்க முடியாத தூரமாக எனக்குத் தெரியவில்லை. பதினெட்டில்தான் எல்லாம் உடைகிறது. ரியூஷன், ஏ.எல்., அப்புறம் கம்பஸ் அல்லது சிமா என்கிற கணக்கியல் படிப்பு அல்லது வெளிநாடு. முப்படை அணிகளில் பெண்கள் ஹொக்கி இருக்கிறது, அங்கே போகிறவர்கள் தொடர்கிறார்கள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் அந்த வழியை நினைத்தும் பார்ப்பதில்லை. மற்றவர்களுக்கு? மட்டையை அலுமாரிக்கு மேலே வைக்கிற பிள்ளைக்கு விளையாட்டு வெறுத்துப்போய் வைப்பதில்லை. விளையாட ஒரு சட்டை இல்லாமல் வைக்கிறாள்.

யிப்பி கொழும்பில் பிறந்திருந்தால் 18 வயதில் நின்றிருப்பார். பாரிஸில் அந்த 9 கோலை யாரும் பார்த்திருக்க மாட்டோம்.

பாரிஸ் இறுதிப் போட்டி 2024 ஓகஸ்ட் 9. ஈவ் து மனுவார் மைதானம், நூறு வருடத்துக்கு முன்னால் 1924 ஒலிம்பிக் நடந்த அதே இடம். எங்களுக்கு இரவு வெகுநேரமாகிவிட்டது. மாமி நித்திரை என்பதால் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு நானும் சின்னவளும் பாயில் உட்கார்ந்திருந்தோம். எதிரே சீனா. சீனாவின் பயிற்றுவிப்பாளர் அலிசன் அன்னன். டோக்கியோவில் நெதர்லாந்துக்குத் தங்கம் எடுத்துக் கொடுத்தவரே அவர்தான். ஒல்லாந்துப் பெண்களின் நாடி நரம்பெல்லாம் தெரிந்தவர். ஆறாவது நிமிடத்திலேயே சென் யாங் கோல் போட்டுச் சீனா முன்னுக்குப் போய்விட்டது. அதன் பிறகு நிமிடம் நிமிடமாக ஓடுகிறது, ஒல்லாந்து தட்டுகிறது, கதவு திறக்கவில்லை. அரை நேரம். மூன்றாவது கால்பகுதியும் முடிகிறது. 1–0 அப்படியே நிற்கிறது.

சின்னவள் கோர்னர் கிடைக்கும்போதெல்லாம் எழுந்து முழங்காலில் நிற்பாள். 51ஆவது நிமிடத்தில் இன்னொரு கோர்னர். வெளியே தள்ளினார்கள், நிறுத்தினார்கள், யிப்பி குனிந்தார். நான் பழக்கதோசத்தில் ஒரு பக்கத்தைச் சொல்ல வாய் திறந்தேன், சொல்லி முடிப்பதற்குள் பந்து வலைக்குள். 1–1. நாங்கள் கத்திய கத்தில் மாமி எழுந்து வந்துவிட்டார். வந்தவர் திரும்பப் போகவில்லை, எங்களோடேயே இருந்து பார்த்தார்.

மூன்று வருடம் முன்னால் டோக்கியோ இறுதிப் போட்டியைக் கோர்னர்தான் தீர்த்தது என்று மேலே எழுதியிருக்கிறேன் அல்லவா? பாரிஸில் தோல்வியின் விளிம்பில் நின்ற அணியை மீட்டதும் கோர்னர்தான். அதே வேலை, அதே இடம், புதிய ஆள். வயது 24.

அதன் பிறகு ஷூட்அவுட். சமநிலையில் நிற்கிற போட்டியைத் தீர்க்க இப்போதெல்லாம் முன்னைய மாதிரிப் பெனல்டி ஸ்ட்ரோக் இல்லை. ஒருத்தி பந்தோடு வருவாள், காப்பாளர் எதிரே வருவாள், எட்டு செக்கனுக்குள் போட வேண்டும். ஒல்லாந்துக் கோலில் அன்னே வேனன்டால். அந்த எட்டு செக்கன்களில் அவர் முந்திப் படுக்காமல், கால் மேல் நின்று, எதிராளியை வெளியே வெளியே துரத்திக்கொண்டு போனதைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. 3–1. தங்கம். அதற்கு முதல் நாள் இரவு ஒல்லாந்து ஆண்களும் ஜெர்மனியை ஷூட்அவுட்டில் வென்றிருந்தார்கள். ஒரே ஒலிம்பிக்கில் ஆண்கள், பெண்கள் இரண்டு தங்கத்தையும் ஒரே நாடு எடுத்தது அதுதான் முதல் தடவை.

யிப்பி முன்வரிசை ஆட்டக்காரி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பின்வரிசையிலும் நடுக்களத்திலும் நின்று தடுக்கிற வேலை செய்கிறவர். ஓர் ஒலிம்பிக்கில் அதிக கோல் போட்டவர் தடுப்பாட்டக்காரி என்றால், ஒரு திறமையை ஒழுங்காகக் கற்று வைத்திருப்பதன் பெறுமதி என்ன என்று பாருங்கள். சின்னவளும் பின்வரிசைதான். "பின்னுக்கு நிக்கிற ஆக்களுக்குக் கோல் கிடைக்காது" என்று முன்பு குறைப்பட்டுக்கொண்டிருந்தவள் அந்த இரவுக்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை.

இப்போது பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிற சேர் நல்லவர், கேட்கிற மனம் உள்ளவர். வீடியோவைக் காட்டினோம், நாரிப் பிரச்சினையைப் பற்றியும் மறைக்காமல் பேசினோம். அடுத்த தவணையில் இருந்து கோர்னருக்கென்று தனியாக ஒரு மணித்தியாலம் ஒதுக்குகிறேன், பயிற்சிக்கு முதலே வைப்போம், பிள்ளைகள் களைத்த பிறகு வேண்டாம் என்றார். பந்து தள்ளுகிறவள், நிறுத்துகிறவள், எடுக்கிறவள் என்று மூன்று பேர் கொண்ட குழுக்கள். நிறுத்துகிறவளின் வேலையை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. பந்து அரைச் சாண் தள்ளி நின்றாலே ஃப்ளிக்கரின் கால்கணக்கு முழுக்கப் பிழைத்துப்போகும். அதனால் அந்தப் பிள்ளைகளுக்குத்தான் முதல் பயிற்சி.

இனிக் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். பாடசாலை முடித்த பிள்ளைகளுக்காக ஞாயிறு காலையில் ஓர் அணி சேர்க்கப் பார்க்கிறோம். பட்டம், கிண்ணம் எதுவும் இப்போதைக்கு இல்லை. கிழமைக்கு ஒரு முறை ஓடி விளையாட வேண்டும், அவ்வளவுதான். ஏ.எல். முடித்தவர்கள், வேலை செய்கிறவர்கள், கலியாணம் கட்டியவர்கள், பிள்ளை பெற்றவர்கள், யாரும் வரலாம். பழைய மட்டை போதும். கோல் காப்பாளர்கள் கட்டாயம் வாருங்கள். ஃப்ளிக் பழகுகிற பிள்ளைகளுக்கு எதிரே நிற்க இப்போது நான் ஒருத்திதான் இருக்கிறேன், அவர்களுக்கோ வேகம் கூடிக்கொண்டு போகிறது. பேட் செற் ஒன்று புதிதாக வாங்கியிருக்கிறோம், வார் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது.